மேல் இடது வரிசையில் ஒரு பொன் பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் எழுத்து கோணல். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். எந்த இடத்தில் எந்த லகரம் வரும் என்று இன்றுவரை எனக்குத் திடமாகத் தெரியாது. வெடித்திரி வெட்டி வெட்டி விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. பேனாவைப் பிடித்தால் நழுவுகிறது. படிப்பவர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கோணல் எழுத்தைக் காரணம் காட்டித்தான் எட்டு வருடமாக இதை எழுதாமல் இருந்தேன். அதை மட்டும் யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் எங்கள் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் நாவிதரின் புங்கமரத்தடியில் முகம் மழிக்க உட்கார்ந்திருந்தேன். முகம் முழுக்க சோப்பு நுரை. பக்கத்தில் காத்திருந்த ஒருவன், விஷயம் நடந்த நாளில் இந்த ஊருக்கே வராதவன், கதை சொல்லிக்கொண்டிருந்தான். "பல்லுக்குள்ள டப்பி வெச்சிகினு அர சேரு தங்கம் தூக்கினு போனாம்பா ஒருத்தன். டெய்லி கொஞ்சம் கொஞ்சமா. வாத் தெறந்தா கஜானா!" எல்லோரும் சிரித்தார்கள். நாவிதர் சிரித்ததில் கத்தி என் கன்னத்தில் நடுங்கியது. நான் எழுந்தேன். "இன்னாணா, இன்னொரு பக்கம் கீதே?" என்றார் நாவிதர். ஒரு கன்னம் மழித்தபடி, ஒரு கன்னத்தில் நுரையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கதையில் வந்த ஆள் என்னோடு சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் பெயரை எழுதமாட்டேன். அவர் மனைவி எங்கேயோ இருக்கிறார். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயரையும் எழுதமாட்டேன், அது பொய்.

உயரமான ஆள். பாறையில் துளை போடும்போது இரும்புக் கம்பியைப் பிடிப்பது அவர் வேலை. எதிரில் இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, இவர் ஒவ்வோர் அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் பூமிக்குள் அதே லெவலில், அதாவது அதே தளத்தில், பாறையைக் குடைந்த ஒரு சின்னப் பொந்தில் உட்கார்ந்து வெடித்திரியை அளந்து வெட்டிக் கொடுப்பேன். நான் அதிகம் பேசமாட்டேன். அவரும் பேசமாட்டார். ஆனால் என்னுடையது கூச்சம், அவருடையது கோபம். பக்கத்தில் உட்கார்ந்தால் சூடு தெரியும்.

மேல் வரிசையில் இடது பக்கம், சிரித்தால் தெரிகிற இடத்தில், அவருக்கு ஒரு பல் பொன். முழுப் பல்லும் பொன் இல்லை. பல்லின் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்த ஒரு பொன் மூடி. தங்கம் எடுக்கிற சுரங்கத்தில் கூலிக்காரன் வாயில் பொன் இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஷிப்டு முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்தால் நேரே வீட்டுக்குப் போக முடியாது. சோதனைக் கொட்டகையில் வரிசையாக நிற்க வேண்டும். உடுப்பை உதறி, தலைமயிரைக் கோதி, காதைப் பார்த்து, கடைசியில் வாய். காவல்காரர்களுக்குத் தலைவரான ஜமேதார் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஈறைச் சுற்றித் துழாவுவார். ஒரே விரல், நூறு வாய். ஜமேதார் வெள்ளைக்காரர் இல்லை, வேறு தேசத்து ஆளும் இல்லை. எங்களைப் போல ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்தான்.

"வாயத் தெற," என்பார்.

"மொதல்ல கையக் கழுவிகினு வா ஜமேதாரு. முன்னாடி போனவன் காதத் தோண்டின வெரலு அது," என்பார் இவர்.

வரிசை முழுக்கச் சிரிக்கும். ஜமேதார் முகம் சுண்டும். அதற்குள் இவரே தம் விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டுவார். "பாத்துகினியா? மேல, எடது, ஒண்ணு. புக்குல எழுதிக் கீறாப்பலியே கீதா?"

"கீது கீது, போ. ராஜா வாயி பாரு."

"ராஜா வாயி இல்ல. என் வாயி."

புக்கு என்றது கொட்டகையில் இருந்த அடையாளப் புத்தகம். வேலைக்குச் சேரும்போது மச்சம், தழும்பு எல்லாம் அதில் எழுதிக்கொள்வார்கள். அவர் பெயருக்கு எதிரே, மேல் இடது வரிசையில் ஒரு பொன் பல் என்று இருந்தது.

அந்தப் பல் எப்படி வந்தது என்று ஒரே ஒருமுறை சொன்னார். தானாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. சின்ன வயதில் மதராசில் ஒரு பல் வைத்தியத் துரை வீட்டில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாராம். பல்லை அராவிப் பொன் மூடி போடும் வித்தை அப்போது புதிது. ஒரு துரைசாணிக்குப் போட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் துரைக்குக் கை பழக வேண்டும்.

"நல்ல பல்லு தம்பி. கரும்பு கடிச்ச பல்லு. ஒரு சொத்த இல்ல. என்ன நாற்காலில உக்கார வெச்சி, காலால மெறிக்கிற ராட்டினம் ஒண்ணு வெச்சிகினு, நாலு நாளு அராவுனான். குச்சி ஆயிடிச்சி பல்லு. அதுமேல இத்த மாட்டுனான். மாட்டிட்டு கண்ணாடியக் காட்டி வெரி குட்டுன்னான். என்னியா சொன்னான்? அவன் கையச் சொல்லிகினான்."

கம்பியைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு முடிவு பண்ணேன். இதுக்கு மேல என் வாயிக்குள்ள எவன் கையும் வராது."

அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர்கள் கத்தோலிக்கர்கள். கோயிலில் நன்மை என்கிற நற்கருணை வாங்கும்போது சாமியார் அப்பத்தை நாக்கில் வைப்பாராம். இவர் கையை நீட்டினாராம். கையில் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று சாமியார் சொல்ல, இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு பூசைக்குப் போவார், கடைசி வரிசையில் நிற்பார், நன்மைக்கு மட்டும் போகமாட்டார். அவர் மனைவிதான் என்னிடம் சொன்னார். "ஆண்டவரையே வாசல்ல நிக்க வெச்ச மனுசன் தம்பி இவரு. ஜமேதாரு எந்த மூலைக்கு?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் பாதி அழுகை.

சம்மட்டி அடி ஒவ்வொன்றும் கம்பி வழியாகக் கைக்கு வரும், கையிலிருந்து தாடைக்கு ஏறும். வருடக் கணக்கில் அப்படி அதிர்ந்து, மூடிக்குள் மதராஸ் துரை ஒட்டுவதற்கு வைத்திருந்த சிமிட்டி பொடிந்துபோனது. ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது மூடி கழன்று நாக்கில் விழுந்தது.

எறிந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இந்த ஊரில் வேலை செய்யாதவர்கள். மூடி பல்லின் மேல் இருக்கும்வரை அது அவர் பல். கழன்று கையில் இருந்தால் அது தங்கம். சுரங்கத்து ஆள் கையில் தங்கம் இருந்தால் அது திருட்டு. எறிந்துவிட்டு வெறும் வாயோடு போனால், புத்தகத்தில் இருக்கிற பொன் எங்கே, யாருக்கு விற்றாய் என்று கேட்பார்கள். சுரங்கத்தில் வேலை செய்கிறவன் கொண்டுவரும் பொன்னைக் கடைத்தெருவில் எந்த ஆசாரியும் தொடமாட்டான். ஆகவே தினமும் கொட்டகைக்கு வரும் நேரத்தில் அந்த மூடி அந்தக் குச்சிப் பல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவர் வேலை, வீடு, மானம் எல்லாம் அந்த ஒட்டலில் இருந்தன.

கம்பெனி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர், "சிமிட்டி கீது, வெச்சி ஒட்டிடலாம். ஆன்னு தெற," என்று கையை நீட்டினார். இவர் அந்தக் கையைப் பார்த்தார். "நீ குடு, நானே வெச்சிகிறேன்," என்றார். "இன்னாய்யா, தேனா குடுக்கறேன் நக்கறதுக்கு? தெறய்யா," என்றார் டிரெஸ்ஸர். அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இவர் வாசலைத் தாண்டியிருந்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. இப்போதும் இருக்கிறது. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அரை நாழிகையில் வேலை முடிந்திருக்கும்.

பிறகு தானே ஒட்ட ஆரம்பித்தார். முதலில் வேலம்பிசின். எச்சிலில் ஊறிப் பாதி ஷிப்டில் கரைந்துவிடும். மீதிப் பாதி மூடியை நாக்கால் முட்டுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்வார். அடுத்தது அரக்கு. உருக்கி மூடிக்குள் விட்டு, சூட்டோடு பல்லில் கவிழ்த்தார். உதடு கொப்பளித்தது. அரக்கு ஒரு வாரம் நின்று, பிறகு கண்ணாடி மாதிரி உடைந்து துண்டு துண்டாக வந்தது. அதற்கப்புறம் யாரோ சொன்னார்கள் என்று முட்டை வெள்ளையில் சுண்ணாம்பைக் குழைத்து வைத்தார். ஈறு வெந்து கன்னம் பூசணிக்காய் ஆனது. மூன்று நாள் பேச முடியாமல் கையாலேயே எல்லோரையும் திட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தேன். அவர் மனைவி அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் பல்லுக்கு முட்ட வெச்சிப் படைக்கிறாரு தம்பி. ஊட்ல புள்ளைங்களுக்கு இல்ல, பல்லுக்கு கீது. களியக் கொஞ்சம் வெச்சி ஒட்டுங்கன்றேன், கேக்க மாட்டேன்றாரு. எங்கூர் களி ஒட்டுனா எமன் வந்தாலும் பிரிக்க மாட்டான்."

அவர் வீங்கின கன்னத்தோடு கரண்டியைக் காட்டி ஏதோ மிரட்டினார். அவர் மனைவி இன்னும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். வலியில் கலங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

தண்ணீர் நிற்கும் இடங்களில் வெடி வைக்கத் தனித் திரி உண்டு. நனையாமல் இருக்க அதன்மேல் கறுப்பாக ஒரு மரப்பிசின் உறை போர்த்தியிருக்கும். சுடுநீரில் போட்டால் மெழுகாக இளகும், ஆறினால் கட்டையாக இறுகும். எச்சிலுக்குக் கரையாது. திரியை வெட்டும்போது நுனித் துண்டுகள் என் காலடியில் விழும், அவற்றைக் கூட்டித் தள்ளிவிடுவோம். அப்படி விழுந்த துண்டுகளில் உறையை உரித்து, நகத்தளவு உருட்டி, மறுநாள் அவர் கையில் வைத்தேன். கம்பெனிப் பொருள்தான். ஆனால் குப்பை.

ஒட்டியது. பாறை மாதிரி ஒட்டியது. மூன்றாம் நாள் என் பொந்துக்கு வந்து, உதட்டைத் தூக்கி, பல்லை நகத்தால் தட்டிக் காட்டினார். டிக் டிக் என்று கேட்டது. சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நாலாங்கிளாசு வேல செய்யிதுடா தம்பி," என்றார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை புதிதாக உருட்டிக் கொடுப்பேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லை.

பிறகு கல்லை அரைத்துத் தங்கம் எடுக்கும் மில்லில் ஏதோ களவு போனதாகப் பேச்சு வந்தது. புது ஆர்டர் போட்டார்கள். வாயைக் காட்டினால் போதாது, யாருக்கும் விலக்கில்லாமல் ஒவ்வொரு வாயையும் கைவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பகல் ஷிப்டு முடிந்து வெயிலில் வரிசை நின்றோம். அவருக்கு மூன்று ஆள் பின்னால் நான்.

"இன்னிக்கு நீ காட்ட வாணாம். நான்தான் கை வெப்பேன். ஆர்டரு," என்றார் ஜமேதார். அதைச் சொல்வதில் அவருக்கு இருந்த சுகத்தை நான் மறக்கவில்லை.

"கையக் கழுவிகினு வா."

"புடிங்கடா அவன!"

இரண்டு காவல்காரர்கள் தோளைப் பிடித்தார்கள். ஒருவன் மூக்கை அடைத்தான். மூச்சுக்காக வாய் திறந்தபோது ஜமேதாரின் விரலும் கட்டைவிரலும் உள்ளே போயின. துழாவவில்லை. நேராக அந்தப் பல்லைப் பற்றி ஆட்டி இழுத்தார். மூடி கையோடு வந்தது. அதன் உள்ளே கறுப்புப் பிசின். வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிசினில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

"டேய், பல்லு இல்லடா இது, டப்பி! உள்ள வெச்சி ஒட்டிகினு கீறாண்டா!"

அது கல்தூள். என் பொந்தில் தரை முழுக்க இருக்கும் மின்னுகிற கல்தூள். கீழே விழுந்த துண்டை நான் கழுவாமல் உருட்டினேன். அவ்வளவுதான். அந்த வரிசையில் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"எவன் குடுத்தான் இந்தப் பிசினு? சொல்லு!"

அவர் வாயிலிருந்து ரத்தம் வந்தது. வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கண் என்மேல் வந்தது, ஒரு இமைப்பு நேரம் நின்றது, நகர்ந்துவிட்டது.

"எவனும் குடுக்கல. நானேதான் எடுத்தேன்."

நான் பேசவில்லை. திரிப் பொருளை வெளியே கொடுத்தவன் என்று என்னையும் பிடிப்பார்கள் என்ற பயம். வேறு அழகான காரணம் எதுவும் இல்லை. அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது. "வாயத் தெற," என்றார் ஜமேதார். திறந்தேன். அந்த விரல் உள்ளே வந்தது. கழுவாத விரல். உப்புக் கரித்தது. அவருடைய ரத்தம் அது.

"ஒண்ணியும் இல்ல, போ," என்றார் ஜமேதார்.

அடையாளப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதே என்று ஆபீசில் அவர் சொன்னாராம். பல் என்றால் கையோடு வராது, இது வந்தது என்றார்களாம். மின்னியது என்ன என்று யாரும் பார்க்கவில்லை. மூடியே பொன்னாக இருக்கும்போது உள்ளே இருந்ததை யார் பார்ப்பார்கள்? ஆறு மாதம் ஜெயில். அன்றைக்கே கம்பெனி கொடுத்திருந்த லைன் வீட்டைப் பூட்டினார்கள். அவர் மனைவி களி கிண்டுகிற பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு நடந்து போனார். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனார். நான் உள்ளே இருந்தேன்.

ஜெயிலிலிருந்து வந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் கேட்காமலேயே வாயைத் திறந்தார். அகலமாக, முழுவதுமாகத் திறந்தார். மேல் இடது பக்கம் ஒன்றுமில்லை. ஜெயில் டிரெஸ்ஸர் அந்தக் குச்சியைப் பிடுங்கிவிட்டாராம். "நல்லாப் பாத்துக்க. இப்ப எல்லாரும் பாக்கலாம். நாலு பேரு கைய வெச்சிட்டானுங்க," என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"தம்பி, எனக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு. அந்தப் பொன்னு வாணாம். அத்த உருக்கி பாளத்துல போட்டிருப்பானுங்க. பேரு வேணும். பாலகாட் சொரங்கத்துல போயி வேல கேட்டேன். இங்க எழுதிக் கேக்கறானுங்க, திருடன்னு பதிலு வருது. பொன்னு என் பல்லுமேல இருந்தது, பிசினு நீ குடுத்தது, மின்னுனது கல்லு. மூணு வரி போதும். நீ பள்ளிக்கூடம் போனவன்."

"என் எழுத்து நல்லா இருக்காதுண்ணே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவரிடம் எப்போதும் இருக்கும் அந்தச் சூடு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "கோணலா இருந்தா இன்னா. படிக்க வந்தா போதும்," என்றார்.

"ஞாயித்துக்கெழம எழுதி வெக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி என் மனைவியை அனுப்பினேன். சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "வந்தா சொல்லும்மா, மூணு வரி போதும்னு," என்ற குரல் கேட்டது. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாம் முறை என் மனைவி போகமாட்டேன் என்றாள். "நீயே போயி இல்லன்னு சொல்லு," என்றாள். யாரும் போகவில்லை. அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. பங்காருபேட்டைக்குப் போகும் வண்டியில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர் இருக்கிறாரா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது.

வாய்க்குள் யாரையும் விடமாட்டேன் என்ற அவர் வீம்பின்மேல் எனக்குக் கோபம். மதராஸ் துரைமேல், ஜமேதார்மேல், மரத்தடியில் சிரிக்கிறவர்கள்மேல் கோபம். இதையெல்லாம் அடுக்கி அடுக்கி எட்டு வருடம் என்னை மறைத்துக்கொண்டேன். என் பல் முப்பத்திரண்டும் உறுதியாக இருக்கின்றன. ஒன்றுகூட ஆடவில்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று நாளைக் காலை ஷிப்டுக்கு முன்னால் ஆபீசில் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும். இன்னொன்று மரத்தடியில் நாவிதரிடம் கொடுப்பேன், எழுத்துத் தெரிந்த யாராவது எல்லோருக்கும் படித்துக் காட்டட்டும். ஒரு வாரமாக மழிக்காமல் விட்டிருக்கும் மீதிக் கன்னத்தையும் அப்போதே மழித்துக்கொள்வேன். அவர் கேட்ட மூன்று வரி இது:

அந்தப் பொன் மூடி அவருடைய பல்லின் மேல் இருந்தது.

அதை ஒட்டிய பிசினைக் கொடுத்தவன் நான்.

அதில் மின்னியது கல்தூள்.

குரோதி வருடம், ஐப்பசி மாதம் எட்டாம் தேதி.